எந்த பிராண்டு யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பு, சாக்லேட், கார், கைப்பேசி என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "இது உண்மையில் யாருடையது தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பித்துவிடுவார். அடுத்த ஐந்து நிமிடத்தில் உண்மை பாதி, வதந்தி பாதி என்று கலந்துவிடும். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். நிலவரம் 2025 முடிவு வரைக்குமானது. இந்த உலகத்தில் வாங்குவதும் விற்பதும் ஓய்வதே இல்லை என்பதால் தேதியைச் சொல்லிவிடுவது நல்லது.

1. பிராண்டு, கம்பெனி ரெண்டும் ஒண்ணுதானே? ஏன் குழப்பறீங்க?

சில இடங்களில் ஒன்றுதான். கோல்கேட் பற்பசையைச் செய்வது கோல்கேட்-பாமோலிவ். ஆனால் டவ் என்றொரு நிறுவனம் கிடையாது; அது யூனிலீவரின் ஒரு பெயர். பிராண்டு என்பது சட்டப்படி பதிவு செய்யப்பட்ட ஒரு பெயரும் அடையாளமும்தான். அதை விற்கலாம், வாடகைக்கு விடுவதுபோல உரிமம் கொடுக்கலாம், ஒரு நாட்டில் வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் விற்றுவிடலாம்.

அதனால் "யாருடையது" என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பெயர் யாரிடம் பதிவாகியிருக்கிறது? பொருளைச் செய்வது யார்? அந்த நிறுவனத்தின் பங்குகளை வைத்திருப்பவர் யார்? கீழே வரும் குழப்பங்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருபவை.

2. "பத்து கம்பெனிதான் எல்லாத்தையும் வச்சிருக்கு"ன்னு ஒரு படம் சுத்துதே, அது நிஜமா?

நடுவில் பத்துப் பெயர்கள், சுற்றிலும் நூற்றுக்கணக்கான லோகோக்கள். அந்தப் படம்தானே? ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2013-ல் உணவு, பான நிறுவனங்களைப் பற்றி நடத்திய பிரசாரத்தில் பத்துப் பெயர்களைப் பட்டியலிட்டது: நெஸ்லே, பெப்சிகோ, கோகோ கோலா, யூனிலீவர், டானோன், ஜெனரல் மில்ஸ், கெல்லாக், மார்ஸ், மாண்டலீஸ், அசோசியேட்டட் பிரிட்டிஷ் ஃபுட்ஸ். அது கற்பனை இல்லை. ஆனால் அது உணவையும் பானத்தையும் மட்டும் சொன்னது. பரவிய வேகத்தில் "எல்லாத்தையும்" என்று ஆகிவிட்டது.

இன்னொரு சிக்கல், படத்துக்கு வயதாகிவிட்டது. அதில் உள்ள பழைய கெல்லாக் இன்று இல்லவே இல்லை (6-வது கேள்வியைப் பாருங்கள்). யூனிலீவர் தன் தேயிலைத் தொழிலின் பெரும்பகுதியை 2022-ல் சிவிசி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. லிப்டன் பெயரும் அதோடு போனது. 2025 டிசம்பரில் ஐஸ்கிரீம் தொழிலும் மேக்னம் ஐஸ்கிரீம் கம்பெனி என்று தனியாகப் பிரிந்தது. தேதி போடாத படத்தை நம்பி வாக்குவாதத்தில் இறங்காதீர்கள்.

3. சரி, பெரிய பெயர்களை மட்டும் சொல்லுங்க. எது யாருடையது?

குளியலறை, துணி துவைக்கும் சாமான்கள் பக்கம் போனால் பிராக்டர் அண்ட் கேம்பிளும் யூனிலீவரும்தான் பெரிய கைகள். முன்னதிடம் ஏரியல், டைடு, பேம்பர்ஸ், ஓரல்-பி, பேன்டீன், ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ், 2005-ல் ஏறத்தாழ 5,700 கோடி டாலருக்கு வாங்கிய ஜில்லெட். பின்னதிடம் டவ், லக்ஸ், சன்சில்க், ஆக்ஸ், ரெக்சோனா. டெட்டால், ஹார்பிக், டியூரெக்ஸ், ஸ்ட்ரெப்சில்ஸ் மூன்று நான்கு வேறு துறைகள் போலத் தெரிந்தாலும் எல்லாம் ரெக்கிட். கார்னியே, மேபலின், லாங்கோம், செராவே ஆகியவை லோரியால்.

மருந்துக் கம்பெனிகளின் பெயரோடு மனதில் பதிந்தவை பல இடம் மாறிவிட்டன. சென்சோடைன், பனடால் இரண்டும் 2022-ல் ஜிஎஸ்கேயிலிருந்து பிரிந்த ஹேலியானிடம் இருக்கின்றன. ஜான்சன்ஸ் பேபி, லிஸ்டரின், பேண்ட்-எய்ட் ஆகியவை 2023-ல் ஜான்சன் அண்ட் ஜான்சனிலிருந்து பிரிந்த கென்வ்யூவிடம். அந்தக் கென்வ்யூவையே வாங்க கிம்பர்லி-கிளார்க் 2025 நவம்பரில் ஒப்பந்தம் போட்டது.

ஓரியோ, டோப்லரோன், மில்கா மாண்டலீஸுடையவை. ஸ்னிக்கர்ஸ், எம் அண்ட் எம்ஸ் மார்ஸ். நுடெல்லா, கிண்டர், டிக் டாக் ஃபெரேரோ. செல்லப்பிராணி உணவிலும் இதே ஆட்கள்தான்: பெடிகிரி, விஸ்காஸ், ராயல் கேனின் மூன்றும் மார்ஸ், பியூரினா நெஸ்லே. மார்ஸ் 2017-ல் விசிஏ என்ற கால்நடை மருத்துவமனைத் தொடரையும் வாங்கியது. நாய்க்குச் சாப்பாடும் அவர்களே, வைத்தியமும் அவர்களே!

செயலிகள் பக்கம் கதை சுருக்கம். யூடியூபை கூகுள் 2006-ல் வாங்கியது. இன்ஸ்டாகிராமை 2012-ல் 100 கோடி டாலருக்கும், வாட்ஸ்அப்பை 2014-ல் சுமார் 1,900 கோடி டாலருக்கும் இன்றைய மெட்டா வாங்கியது. லிங்க்ட்இன் மைக்ரோசாஃப்டிடம், ட்விச்சும் குட்ரீட்ஸும் அமேசானிடம்.

4. ஒரே கம்பெனி தனக்கே போட்டியா ரெண்டு பிராண்டு வச்சிருக்கறது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1931-ல் பிராக்டர் அண்ட் கேம்பிளில் நீல் மெக்கெல்ராய் என்ற இளைஞர் கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு புகழ் முழுவதையும் எடுத்துக்கொண்டதால் கேமே எடுபடவில்லை. அவர் மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார்: ஒவ்வொரு பிராண்டுக்கும் தனி ஆட்கள் வேண்டும், அதைத் தனித் தொழில் போல நடத்த வேண்டும். பிராண்டு மேனேஜர் என்ற வேலை பிறந்தது அங்கிருந்துதான். மெக்கெல்ராய் பிற்பாடு கம்பெனியின் தலைவரானார், அப்புறம் 1957-ல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார்.

கணக்கு எளியது. விலை குறைவாகத் தேடுபவர், விலை பார்க்காதவர், வாசனை வேண்டாதவர் என்று வாடிக்கையாளர் பலவிதம். ஒரே பெயரில் எல்லோரையும் பிடிக்க முடியாது. ஒரு பிராண்டை விட்டு ஓடுகிறவர் எதிராளியிடம் போகாமல் நம்முடைய இன்னொன்றிடம் வந்தால் பணம் வீட்டுக்குள்ளேயே இருக்கும். கடை அலமாரியில் இடத்தை அடைத்துக்கொள்வது கூடுதல் லாபம்.

5. அப்போ ரெண்டும் ஒரே கம்பெனின்னா, உள்ளே இருக்கறதும் ஒண்ணுதானே? விலை குறைஞ்சதை வாங்கிக்கலாமா?

அப்படி முடிவு கட்ட முடியாது. கார்களில் பங்கு போடுவது வெளிப்படை: ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா மூன்றும் ஒரே அடித்தளத்தில் கட்டப்படுகின்றன. ஆனாலும் எஞ்சின் தேர்வு, உள்வேலை, ஒலித்தடுப்பு எல்லாம் வேறுபடும். சலவைத்தூள், ஷாம்பு போன்றவற்றில் ஆய்வுக்கூடம் ஒன்றாக இருந்தாலும் கலவை வேறாக இருக்கலாம். பின்பக்கச் சேர்மானப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்பது பெரும்பாலும் தெரியாது.

தலைகீழாகவும் நடக்கும். ஒரே பெயர், ஒரே உறை, நாட்டுக்கு நாடு வேறு கலவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது பெரிய புகாராகி, ஒரே பொருள் என்று சொல்லித் தக்க காரணமின்றி வேறு தரத்தில் விற்பதைக் கட்டுப்படுத்த 2019-ல் விதி கொண்டுவந்தார்கள். ஆக, முதலாளி யார் என்று தெரிந்துவிட்டால் தரமும் தெரிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

6. பிரிங்கிள்ஸ் யாருடையது? கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கு ஒன்று சொன்னாலும், எல்லோரும் ஏதோ ஓர் ஆண்டில் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். அதை உருவாக்கியது பிராக்டர் அண்ட் கேம்பிள். 2011-ல் டயமண்ட் ஃபுட்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்க ஒப்பந்தம் ஆனது; அங்கே கணக்கு வழக்கில் கோளாறு வெளிவந்து பேரம் முறிந்தது. 2012-ல் சுமார் 270 கோடி டாலருக்கு கெல்லாக் வாங்கியது. 2023-ல் கெல்லாக் இரண்டாக உடைந்தது: நொறுக்குத்தீனிகள் கெலனோவாவுக்கு, வட அமெரிக்கத் தானிய உணவு டபிள்யூ.கே. கெல்லாக் நிறுவனத்துக்கு. 2025 டிசம்பரில் கெலனோவாவை ஏறத்தாழ 3,600 கோடி டாலருக்கு மார்ஸ் வாங்கி முடித்தது. ஆகவே இப்போது பிரிங்கிள்ஸ் மார்ஸுடையது.

இதில் இன்னொரு வேடிக்கை. டபிள்யூ.கே. கெல்லாக்கை அதே ஆண்டில் ஃபெரேரோ வாங்கிவிட்டது. அதனால் கெல்லாக்ஸ் கார்ன் ஃப்ளேக்ஸ் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபெரேரோவின் பொருள். அட்லாண்டிக்கைத் தாண்டினால் மார்ஸின் பொருள். சாக்லேட்டில் நேருக்கு நேர் மோதும் இரண்டு குடும்பங்கள், ஒரே பெயரை நாடு பிரித்து வைத்திருக்கின்றன.

7. கிட்கேட் நெஸ்லேயா, ஹெர்ஷியா? பேக்கெட்ல ரெண்டு பெயரையும் பார்த்திருக்கேன்.

இரண்டும் சரி. கிட்கேட்டைச் செய்தது இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ நிறுவனம். 1935-ல் வேறு பெயரில் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் செய்து விற்கும் உரிமத்தை ரவுன்ட்ரீ அந்நாட்டு சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷிக்குக் கொடுத்திருந்தது. 1988-ல் நெஸ்லே ரவுன்ட்ரீயை வாங்கியபோது அந்த உரிமமும் தலையில் வந்து விழுந்தது. ஹெர்ஷி வேறொருவர் கைக்குப் போகாதவரை அந்த உரிமம் நீடிக்கும். தன் புகழ்பெற்ற சாக்லேட்டை உலகின் பெரிய சந்தை ஒன்றில் நெஸ்லேயால் விற்க முடியாது. அதே 1988-ல் கேட்பரியின் அமெரிக்கத் தொழிலையும் ஹெர்ஷி வாங்கியதால், அங்கே கேட்பரி பெயரில் சாக்லேட் செய்வதும் ஹெர்ஷிதான். மற்ற நாடுகளில் மாண்டலீஸ்.

இதுபோல நாடு பிரிந்த பெயர்கள் நிறைய. பெர்சில் சலவைத்தூள் ஜெர்மனியில் ஹென்கலுடையது, பிரிட்டனில் யூனிலீவருடையது. ஷ்வெப்ஸ் பானம் அமெரிக்காவில் கியூரிக் டாக்டர் பெப்பரிடம், பிரிட்டனில் கோகோ கோலாவிடம்.

நிவியாவின் கதை இன்னும் கனமானது. அது ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப் நிறுவனத்துடையது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பல நாடுகள் ஜெர்மானியச் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது அந்தப் பெயரும் பறிபோனது. ஒவ்வொரு நாடாகப் பேசி, பணம் கொடுத்துத் திரும்பப் பெற 1990-களின் பிற்பகுதி வரை ஆனது. கடைசியாகக் கிடைத்தது போலந்து.

8. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வேற பெயர் ஏன்?

7-வது கேள்வியின் மறுபக்கம் இது. ஆக்ஸ் பிரிட்டனில் லிங்க்ஸ் என்று விற்கப்படுகிறது. பெப்சிகோ 1989-ல் வாக்கர்ஸ் சிப்ஸை வாங்கியது. அங்கே மக்களுக்குப் பழகிய பெயர் அதுதான் என்பதால் லேஸ் என்று மாற்றாமல் லோகோவை மட்டும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. பழகிய பெயரை அழிப்பது பணத்தை எரிப்பதற்குச் சமம். சில இடங்களில் வேறு ஒருவர் அந்தப் பெயரை முன்பே பதிவு செய்திருப்பார். அப்போது வேறு வழியே இல்லை.

9. வால்வோ சீனக் கம்பெனியா? ரோல்ஸ் ராய்ஸ் ஜெர்மன் கம்பெனியா?

வால்வோ கார் மட்டும். 1999-ல் ஸ்வீடனின் ஏபி வால்வோ கார் பிரிவை ஃபோர்டுக்கு விற்றது. 2010-ல் ஃபோர்டிடமிருந்து சீனாவின் ஜீலி வாங்கியது. லாரி, பேருந்து, கட்டுமான இயந்திரம் செய்வது இன்னும் ஏபி வால்வோதான். பெயரை இருவரும் சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கிறார்கள்.

ரோல்ஸ் ராய்ஸில் நடந்ததைப் படித்தால் சிரிப்பு வரும். 1998-ல் ஃபோக்ஸ்வேகன் 43 கோடி பவுண்டு கொடுத்து ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி கார் தொழிலை வாங்கியது. குரூ நகரத் தொழிற்சாலை, வடிவமைப்புகள் எல்லாம் கிடைத்தன. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயரும் இரட்டை ஆர் எழுத்தும் விமான எஞ்சின் செய்யும் தனி நிறுவனத்திடம் இருந்தன. அந்த நிறுவனம் அவற்றை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குக் கொடுத்துவிட்டது! கடைசியில் சமரசமாகி, பென்ட்லியும் தொழிற்சாலையும் ஃபோக்ஸ்வேகனிடம் நின்றன. 2003 முதல் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை பிஎம்டபிள்யூ குட்வுட்டில் புதிய ஆலை கட்டிச் செய்கிறது. பெயரும் தொழிற்சாலையும் தனித்தனிச் சொத்து என்று 1-வது கேள்வியில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மற்றபடி: ஆடி, ஸ்கோடா, போர்ஷே, லம்போர்கினி ஃபோக்ஸ்வேகன் குழுமம். மினி பிஎம்டபிள்யூ. ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் 2008-ல் டாடா மோட்டார்ஸ் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. ஜீப், பியூஜோ, ஃபியட் மூன்றும் 2021-ல் உருவான ஸ்டெலான்டிஸ்.

10. பிலிப்ஸ் டிவி வாங்கினேன். அதை பிலிப்ஸ் செய்யலைங்கறாங்களே, ஏமாத்தா?

ஏமாற்று இல்லை, உரிமம். பிலிப்ஸ் நிறுவனம் இப்போது பெரும்பாலும் மருத்துவக் கருவிகள் பக்கம் போய்விட்டது. அந்தப் பெயரில் டிவி செய்வது டிபிவி டெக்னாலஜி. விளக்குகள் செய்வது அதிலிருந்து பிரிந்த சிக்னிஃபை. சமையலறைச் சாதனங்களை 2021-ல் ஹில்ஹவுஸ் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது; இப்போது அதன் பெயர் வெர்சுனி. மூவரும் பெயருக்குப் பணம் கட்டுகிறார்கள். நோக்கியா கைப்பேசியும் இப்படித்தான்: 2014-ல் மைக்ரோசாஃப்டுக்குப் போய், பிறகு எச்எம்டி என்ற நிறுவனம் உரிமம் பெற்று அந்தப் பெயரில் விற்றது. நோக்கியா நிறுவனமே தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகளில் இருக்கிறது.

பெயர்களை மட்டுமே வாங்கிச் சேர்க்கும் நிறுவனங்களும் உண்டு. 2022-ல் அடிடாஸிடமிருந்து ரீபாக்கை வாங்கிய ஆத்தென்டிக் பிராண்ட்ஸ் குழுமம் செருப்பு செய்வதில்லை. செய்பவர்களிடம் உரிமத்தொகை வாங்குகிறது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்றே: உத்தரவாதத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் பொறுப்பு யார் என்று அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள், லோகோவை அல்ல.

11. கண்ணாடி பிரேம் எல்லாம் ஒரே கம்பெனிதான்னு சொல்றது மிகைதானே?

"எல்லாம்" மிகை, "நிறைய" உண்மை. இத்தாலியின் லக்ஸோட்டிகா 1999-ல் ரே-பானையும் 2007-ல் ஓக்லியையும் வாங்கியது. 2018-ல் பிரான்சின் லென்ஸ் நிறுவனமான எஸ்ஸிலாரோடு இணைந்து எஸ்ஸிலார் லக்ஸோட்டிகா ஆனது. ஷனெல், பிராடா, அர்மானி பெயரிலான பிரேம்களை உரிமத்தில் செய்வதும் அதுவே. சன்கிளாஸ் ஹட், லென்ஸ்கிராஃப்டர்ஸ் கடைகளும் அதனுடையவை.

எனக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகம் உறுத்துவது இதுதான். சிப்ஸில் நான்கு பிராண்டு ஒருவரிடம் இருந்தாலும் கடைக்காரர் வேறு ஆள். இங்கே பிரேம், லென்ஸ், கடை மூன்றும் ஒரு கைக்குள். விலையை ஒப்பிட்டுப் பார்ப்பதாக நாம் நினைக்கும்போது பல நேரம் ஒரே விற்பனையாளரின் இரண்டு விலைகளைத்தான் பார்க்கிறோம்.

12. கோக், பெப்சி ரெண்டுக்கும் முதலாளி பிளாக்ராக், வான்கார்டுதானாமே?

இரண்டிலும் அவை பெரிய பங்குதாரர்கள் என்பது சரி. முதலாளி என்பது சரியல்ல. வான்கார்டும் பிளாக்ராக்கும் லட்சக்கணக்கானவர்களின் சேமிப்பையும் ஓய்வூதியப் பணத்தையும் வாங்கி, பங்குச்சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லா நிறுவனங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகின்றன. அதனால் எந்தப் பெரிய அமெரிக்க நிறுவனத்தின் பங்குதாரர் பட்டியலைத் திறந்தாலும் அவை மேலே நிற்கும். எந்தச் சுவையை விற்பது, எந்த ஆலையை மூடுவது என்று அவை தீர்மானிப்பதில்லை.

கவலைப்பட ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பொதுக்குழுவில் வாக்களிப்பது அவைதான். போட்டியாளர்கள் எல்லோரிடமும் ஒரே பங்குதாரர் இருந்தால் போட்டி மந்தமாகுமா என்பது பொருளாதார அறிஞர்களிடையே இன்னும் தீராத விவாதம்.

13. முதலாளியே இல்லாத கம்பெனி உண்டா?

ஏறக்குறைய உண்டு. ரோலெக்ஸின் உரிமை அதன் நிறுவனர் பெயரிலான ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் அறக்கட்டளையிடம் இருக்கிறது. பாஷ் நிறுவனத்தில் சுமார் 94 சதவீதம் ராபர்ட் பாஷ் அறக்கட்டளையுடையது. ஐகியாவில் கடைகளின் பெரும்பகுதியை நடத்தும் இங்கா குழுமமும், பெயரை வைத்திருக்கும் இன்டர் ஐகியாவும் தனித்தனி அமைப்புகள். மார்ஸும் ஃபெரேரோவும் இன்னும் குடும்பச் சொத்து. பங்குச்சந்தையில் அவற்றைத் தேடாதீர்கள்.

14. சின்ன கம்பெனி, இயற்கைப் பொருள்னு நம்பி வாங்கினேன். அதையும் பெரியவங்க வாங்கிட்டாங்களா?

பெரும்பாலும் ஆமாம். பர்ட்ஸ் பீஸை 2007-ல் குளோராக்ஸ் வாங்கியது. ஆமாம், வெளுப்புத் திரவம் விற்கும் குளோராக்ஸ்தான். டாம்ஸ் ஆஃப் மெய்ன் 2006-ல் கோல்கேட்டுக்குப் போனது. பாடி ஷாப் 2006-ல் லோரியாலிடம், 2017-ல் பிரேசிலின் நட்டுராவிடம், பிறகு ஆரீலியஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் என்று கைமாறி, 2024-ல் பிரிட்டனில் திவால் நடவடிக்கை வரை போனது.

வாங்கிய உடனே எல்லாம் கெட்டுவிடும் என்பதில்லை. பென் அண்ட் ஜெர்ரிஸ் 2000-ல் யூனிலீவருக்குப் போனபோது தன் சமூக நிலைப்பாடுகளைக் காக்கத் தனிக் குழு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. இருபது ஆண்டுகள் ஓடியது. 2022-ல் அந்தக் குழுவே யூனிலீவர் மீது வழக்குப் போட்டது. 2025-ல் நிறுவனர்களில் ஒருவரான ஜெர்ரி கிரீன்ஃபீல்ட் விலகினார்.

15. பார்கோடோட முதல் மூணு எண்ணை வச்சு எந்த நாட்டுக் கம்பெனின்னு சொல்லிடலாம்தானே?

முடியாது. பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பின் பெயர் ஜிஎஸ்1. அதன் எந்த நாட்டு அலுவலகத்தில் பதிவு செய்தார்கள் என்பதை மட்டும் அந்த எண்கள் காட்டும். பொருள் வேறு நாட்டில் செய்யப்பட்டிருக்கலாம், பெயர் இன்னொரு நாட்டு நிறுவனத்துடையதாக இருக்கலாம்.

16. அப்போ நானே கண்டுபிடிக்க என்ன வழி?

பேக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். "தயாரித்தவர்", "சந்தைப்படுத்துபவர்", "உரிமத்தின் கீழ்" என்ற மூன்றும் வெவ்வேறு ஆட்களாக இருக்கலாம். டிரேட்மார்க் யாருடையது என்று ஒரு வரி இருந்தால் அதுதான் பெயரின் சொந்தக்காரர்.

அதிலும் பிடிபடவில்லை என்றால், பிராண்டின் இணையதளத்தில் கீழே உள்ள தனியுரிமைக் கொள்கையைத் திறங்கள். "எங்கள் கதை" பக்கத்தில் பண்ணையும் பாட்டியும் இருப்பார்கள். தனியுரிமைக் கொள்கையில் சட்டப்படியான நிறுவனப் பெயரை எழுதியே ஆகவேண்டும். எனக்குத் தெரிந்து இதுதான் வேகமான வழி. அப்புறம் தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கை. நாடு வாரியாக வேண்டுமென்றால் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவச பிராண்டு தேடுதளம்.

17. ஒரு கம்பெனியைப் புறக்கணிக்கணும்னா அதோட எல்லா பிராண்டையும் விட்டா போதுமா?

உங்கள் கோபம் யார் மீது என்பதைப் பொறுத்தது. கோகோ கோலா நிறுவனம் பெரும்பாலும் மூலச்சாற்றைச் செய்து விற்கிறது. தண்ணீர் சேர்த்து, பாட்டிலில் அடைத்து, லாரியில் ஏற்றுவது பல நாடுகளில் தனி நிறுவனங்கள். நீங்கள் வாங்காவிட்டால் இருவருக்கும் அடி. உணவகத் தொடர்களிலும் அப்படியே: கேஎஃப்சி, பீட்சா ஹட் பெயர்கள் யம் பிராண்ட்ஸுடையவை, கடைகளில் பெரும்பாலானவற்றை நடத்துவது உரிமம் பெற்றவர்கள். (இவை 1997 வரை பெப்சிகோவிடம் இருந்தவை. பழைய பட்டியல்களில் இன்னும் அங்கேயே கிடக்கும்.)

இன்னொரு கண்ணி: ஒரு பிராண்டை விட்டாலும் பணம் வேறு வழியில் போகலாம். கடையில் பேக்கெட்டில் விற்கும் ஸ்டார்பக்ஸ் காபியை விற்கும் உரிமையை 2018-ல் 715 கோடி டாலருக்கு நெஸ்லே வாங்கியது. நெஸ்லே வேண்டாம் என்று அந்தப் பேக்கெட்டுக்கு மாறினால் பணம் நெஸ்லேக்கே போகும். லோரியாலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கும் நெஸ்லேயுடையது. அதற்காக லோரியால் ஷாம்புவை நெஸ்லே பொருள் என்று சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் முழு உரிமை உள்ளவற்றை மட்டும் பட்டியலில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை 16-வது பதிலில் சொன்னபடி சரிபார்த்துக்கொள்வேன்.